கிணற்று நீரைப் படித்தல்: பம்பைமடு நாட்குறிப்பு

2024 ஓகஸ்ட் 12, திங்கள்

வீட்டுக் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுவரும்படி விரிவுரையாளர் சொல்லியிருந்ததால், செட்டிகுளம், ஓமந்தை, நெடுங்கேணி, மாங்குளம் என்று ஊர்ப்பெயர் ஒட்டிய போத்தல்கள் பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழக ஆய்வுகூட மேசையில் வரிசையாக நின்றன. இன்று வன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு. தாங்கற் கரைசல் சேர்த்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை 10 அளவில் வைத்து, நிறமாற்றத்தால் முடிவைக் காட்டும் எரியோகுரோம் காட்டியை இட்டதும் நீர் கருஞ்சிவப்பாகியது. அளவியிலிருந்து ஈ.டி.ரி.ஏ. கரைசல் துளித்துளியாக விழ விழ, கல்சியமும் மக்னீசியமும் காட்டியை விட்டு ஈ.டி.ரி.ஏ.யுடன் பிணைந்தன. ஊதாவாக மங்கிக்கொண்டிருந்த குடுவை ஒரே துளியில் தெளிந்த நீலமாயிற்று. இலங்கையின் குடிநீர்த் தரநியமம் வன்மைக்கு விதிக்கும் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் படிவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, பல போத்தல்கள் அதைத் தாண்டியதில் வியப்பிருக்கவில்லை.

2024 ஓகஸ்ட் 20, செவ்வாய்

இன்று, அளவு மிஞ்சினால் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் புளோரைட்டு. சேர்க்கும் சாயத்தின் செந்நிறம் எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு புளோரைட்டு நீரில் உண்டு என்பதால், நிறம் மங்குவதைக் காண மனம் பதைத்தது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லைப் போலன்றி, வவுனியாவின் நிலத்தடியில் இருப்பது பழைய பளிங்குருப் பாறை. அதிலுள்ள அப்பற்றைற்று, பயோற்றைற்று முதலிய கனியங்களிலிருந்து புளோரைட்டு நெடுங்காலமாகக் கரைந்து வெடிப்புகளில் தேங்கும் நீரில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெப்பம் மிகுந்து, மக்கள் கூடுதலாக நீர் குடிக்கும் எங்கள் நாட்டின் தரநியமம் 1.0 மில்லிகிராம். இந்த வேறுபாடு மிகச் சரியானதென்று நான் நினைக்கிறேன். உச்சி வெயிலில் வயலில் நிற்பவர் எத்தனை செம்பு நீர் குடிக்கிறார் என்பதையும் சேர்த்தல்லவா எல்லையை வகுக்க வேண்டும்.

2024 செப்ரெம்பர் 7, சனி

செட்டிகுளம் பக்கம் களப்பயணம். ஒரு வீட்டில் அம்மம்மா ஒருவர், "பிள்ளை, நாங்கள் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே குடிக்கிறம், பிறகென்ன பயம்?" என்று கேட்டார். கொதித்தால் கிருமி சாகும், வன்மையில் ஒரு பகுதி கல்லாகப் படியும், ஆனால் புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும் என்று பொறுமையாகச் சொன்னோம். அவருடைய பேரனின் முன்பற்களில் மண்ணிறக் கோடுகள் இருந்தன. நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் சிறுவயதிலேயே புளோரைட்டு அந்த அடையாளத்தைப் பதித்துவிடுகிறது; பிறகு நீரை மாற்றினாலும் கறை மறையாது. ஆகவே ஒரு கிணற்றைச் சோதிப்பதானால், அந்த வீட்டில் குழந்தை தவழும் காலத்திலேயே சோதிக்க வேண்டும்.

2024 செப்ரெம்பர் 18, புதன்

சட்டப் பாடம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், ஒரு திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று அதற்கு அனுமதி தருமுன் ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சேர்க்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. ஆனால் நிலத்தடி நீர் எடுக்கும் திட்டமொன்று இதற்குள் வருவதற்கு, நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் கனமீற்றருக்கு மேல் எடுக்க வேண்டும். எங்கள் கிராமங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் குழாய்க்கிணறு எதுவும் அந்த எல்லையை நெருங்காது. தனித்தனியே சிறியவையாக இருந்து, சேர்ந்து நீர்மட்டத்தைக் கீழிறக்கும் கிணறுகளைப் பார்க்கும் கண் இந்த ஒழுங்குவிதிக்கு இல்லை. இது கடுமையான குறை என்பதே என் எண்ணம். வகுப்பிலும் அதைச் சொன்னேன்.

2024 ஒக்ரோபர் 22, செவ்வாய்

இறுதியாண்டு ஆய்வுக்கான முன்மொழிவு இன்று ஏற்கப்பட்டது. மாரி வலுக்க முன்னர், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் இப்போது ஒருமுறையும், குளங்கள் நிறைந்து ஊற்றுக் கூடிய பின் சனவரியில் இன்னொருமுறையும் ஒரே கிணறுகளில் மாதிரி எடுப்போம். குளக்கட்டுக்குக் கீழேயுள்ள கிணறுகளில் கசிவு நீர் சேர்ந்து புளோரைட்டு ஐதாகிறதா, அதாவது அதன் செறிவு குறைகிறதா என்பதே என் வினா. ஐதாகிறதென்றால், தூர்ந்துபோன சிறுகுளமொன்றைத் திருத்துவது பாசனத்துக்கு மட்டுமன்றிக் குடிநீருக்கும் செய்யும் வேலையாகும். புளோரைட்டு கண்ணாடியைத் தாக்கக்கூடும் என்பதால் பொலித்தீன் போத்தல்களையே கழுவி உலரவைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பெறுமானத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டுள்ளோம். எல்லை தாண்டிய வீடுகளில் சிறுபிள்ளை இருந்தால் முதலில் அங்கேதான் போவோம்.