மூச்சு வழியே வந்த தூக்கம்

நான்கு வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன் என்று முடிவானதும், கத்தியை விட மயக்க மருந்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

முதலில் குறித்த தேதியில் அவளுக்குச் சளி, இருமல். சளி இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுக வாய்ப்பு அதிகம் என்று மயக்க மருத்துவர் தள்ளிப்போட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன். இரண்டாவது முறை, மயக்க மருந்து கொடுத்து உடல் கடுமையாகக் கொதித்தவர்கள் நம் குடும்பத்தில் யாராவது உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டார். சில பரம்பரைகளில், மூச்சு வழியே தரும் மயக்க வாயுக்கள் தசையைத் தாறுமாறாக இயக்கிவிடுமாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. உங்களிடம் கேட்டாலும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தினோம், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பு.

ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். ஊசி இல்லை, மாஸ்க் மட்டும். "இந்தப் பலூனை ஊதும்மா" என்றார் டாக்டர். உள்ளே வந்தது செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து. திரவமாக இருப்பதை ஆவியாக்கி ஆக்சிஜனோடு கலந்து தருகிறார்கள். தொண்டையை எரிக்காத லேசான இனிப்பு மணம் என்பதால்தான் குழந்தைகளுக்கு இது. டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்து என்றால் இருமித் தள்ளிவிடுவார்களாம்.

அரை நிமிடத்தில் கண்கள் மேலே செருகின, கைகால்கள் உதறின. என் வயிறு கலங்கிப் போனது. ஆனால் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: அது வலி இல்லை, ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகும் வழியில் வரும் ஒரு கட்டம். அது தெரிந்திருக்காவிட்டால் அங்கேயே கத்தியிருப்பேன். அடுத்த நிமிடம் உடல் தளர்ந்தது. அதன் பிறகுதான் கையில் ஊசி போட்டார்கள், என்னை வெளியே அனுப்பினார்கள்.

அளவை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று பிறகு கேட்டேன். வெளிவிடும் மூச்சில் எத்தனை சதவீதம் வாயு இருக்கிறது என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்குமாம். கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவைப்படும் அளவுதான் கணக்கு. செவோஃப்ளூரேனுக்கு நாற்பது வயதில் சுமார் 2 சதவீதம், இவள் வயதில் 2.5. சின்ன உடம்புக்குக் குறைவாகப் போதும் என்று நினைத்திருந்தேன், நேர்மாறு. வாயு நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிறது. அங்கே நரம்புகளை அடக்கும் சமிக்ஞைகளை வலுவாக்குகிறது. வாயுவை நிறுத்தினால் வந்த வழியே, பெரும்பாலும் மூச்சிலேயே வெளியேறிவிடும்.

விழித்தபோதுதான் நான் உடைந்தேன். என்னை அடையாளம் தெரியாமல் அலறினாள், உதைத்தாள். இது சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி நடப்பதுதான், தானாக அடங்கும் என்று நர்ஸ் அப்புறம்தான் சொன்னார். முன்பே சொல்லியிருக்க வேண்டும். கால் மணி நேரம் இறுக்கி அணைத்துக்கொண்டே இருந்தேன். மறுபடி தூங்கி எழுந்தவள், "அம்மா, தண்ணி" என்றாள். அழுதது எதுவும் அவளுக்கு நினைவில்லை.