கோழி அடையும் நேரம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து 12 வருடம் ஆகிறது. செய்த தப்புக்குப் பலனை அனுபவிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. ‘ஃபேஸ் தி மியூசிக்’ என்று வந்தால் ‘செய்ததற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். என்னைப் படுத்தியது ‘சிக்கன்ஸ் கம் ஹோம் டு ரூஸ்ட்’.

மேயப் போன கோழி பொழுது சாய்ந்ததும் அடைய வருவதுபோல, நாம் செய்த கெடுதல் நம் வாசலுக்கே வந்து சேரும் என்று அர்த்தம். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சவுதி 1810-இல் வெளியிட்ட காவியத்தின் முகப்பிலேயே சாபங்களைக் கோழிக்குஞ்சுகளோடு ஒப்பிட்டிருக்கிறார். (அந்தக் கதை நம் புராணங்களைத் தழுவியது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.)

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பற்றிய கட்டுரை ஒன்றில் இந்தத் தொடர் வந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பர் 22. டிசம்பர் 1 அன்று நியூயார்க் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது மால்கம் எக்ஸ் சொன்னது இதைத்தான். அந்த வார்த்தைக்காக, அவர் இருந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் எலைஜா முகமது அவரை 90 நாள் வெளியில் பேசக்கூடாதென்று தடுத்தார்.

நான் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று போட்டேன். ஆனால் தொடர்ந்து மால்கம் எக்ஸ், தான் பண்ணையில் வளர்ந்தவன், கோழி அடைய வருவது தனக்கு ஒருநாளும் வருத்தம் தந்ததில்லை, சந்தோஷம்தான் என்கிறார். என் தமிழில் கோழியே இல்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

“கோழி எங்கேம்மா போச்சு?” என்று ஒரு பெரியவர் போனில் கேட்டார். வெட்கமாகிவிட்டது. கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். பொழுது இறங்கியதும் அம்மா பஞ்சாரத்தை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு “பா, பா” என்பார். நாலு வந்துவிடும். அந்தச் செவலை மட்டும் வராது. கீரி பிடித்ததோ என்று அம்மா வேலியையே பார்த்துக்கொண்டிருப்பார். அது தலையை ஆட்டி ஆட்டி வந்து உள்ளே நுழைந்த பிறகுதான் விளக்கேற்றப் போவார். அந்தச் சந்தோஷம் தெரிந்த நானே அந்த வரியை விட்டுவிட்டேன்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. என் பெயர் வேண்டாமே என்றார் ஆசிரியர். போடுங்கள், தப்பு என்னுடையது என்றேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ‘மேயப் போன கோழிகள் அடைய வந்திருக்கின்றன.’