தடைக்காலம் முடிவதற்குள்

ஏப்ரல் 18

காசிமேட்டில் புது நோயாளி. ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. அறுபதைத் தாண்டியவர், விசைப்படகு ஓட்டியவர். போன மாதம் வந்த பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது.

“இன்னா பாப்பா, கரண்ட் மிஷின் கொண்டாரலையா?” என்றுதான் ஆரம்பித்தார். நான் பிசியோதெரபிஸ்ட். பிசியோ என்றால் கரண்ட் வைப்பது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். கையில் காய்ந்த கறை இருந்தது. யாரோ சொன்னார்களாம், புறா ரத்தம் தேய்த்திருக்கிறார்கள். நான் திட்டவில்லை. பயத்தில் இருப்பவர்கள் கிடைத்த எதையும் பிடித்துக்கொள்வார்கள். வெந்நீரில் துடைத்துவிட்டு, தொடு உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்.

அவருடைய மகன் இடது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்திருக்கும்போது கையின் கனமே எலும்பைக் கிண்ணத்திலிருந்து கீழே இறக்கிவிடும். அவருக்கு ஏற்கெனவே தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. முதல் நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்: அந்தக் கையை இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மகன் வீட்டில் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போய்விடுவார். தூக்கி நிறுத்த இவருடைய மனைவி, அந்த அம்மாவால் முடியாது. அதற்குள் இவர் தானாக எழுந்து நிற்க வேண்டும்.

ஏப்ரல் 27

எதற்கு இந்தப் படிப்பு என்று இன்றும் ஒரு சித்தி கேட்டார். எம்.பி.பி.எஸ். கிடைக்காததால்தானே என்று அவராகவே பதிலும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு ஆயாதான் காரணம். தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு நாள் காலையில் வாய் கோணிவிட்டது. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ரத்தக்கட்டால் வரும் பக்கவாதம் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டதோடு சரி. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிப்போய், நகம் வெட்டக்கூடப் பிரிக்க முடியாது. யாராவது வந்து தினமும் அந்தக் கையை நீட்டி மடக்கக் காட்டித் தந்திருந்தால் இவ்வளவு இறுகியிருக்காது. 2021 ஆகஸ்டில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, பிசியோ வீட்டுக்கே வருவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆயா ஞாபகம்தான்.

நாலு வருஷப் படிப்பு, ஆறு மாதப் பயிற்சி. அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டித்தான் கட்டணம் கட்டினார்.

மே 10

கிளினிக்கில் நல்ல கூட்டம். மணிக்கட்டு உடைந்து புத்தூர் கட்டு போட்டுக்கொண்ட அக்காவுக்கு இப்போது விரல்கூட மடங்கவில்லை. கட்டு எங்கே போட்டாலும் சரி, வெளியே தெரியும் விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். அதைத்தான் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அடுத்தவர், தகரம் வெட்டிக் கைத் தசைநாண் அறுந்த வியாசர்பாடிப் பையன். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தைத்திருக்கிறார்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவைத் துறை நம் பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை. தைத்த நாண் முதல் சில வாரங்களில் அறுந்துபோகலாம். அசைக்காமல் விட்டாலோ சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு அசைக்கலாம் என்பதுதான் எங்கள் வேலை. பைக் ஓட்டலாமா என்று கேட்டான். கூடாது.

மே 19

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அவருடைய அத்தைதான், “ஆம்பளை நோயாளிங்க வீட்டுக்கெல்லாம் போவியாம்மா?” என்று கேட்டார். போவேன் என்றேன். அம்மா முகம் மாறிவிட்டது. “அவ வேலையே அதுதாங்க” என்றார் அப்பா. வீட்டில் அதிகம் பேசாதவர். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப நாளைக்குப் போதும்.

மே 23

போன் வந்தது. கிளினிக் வேலை மட்டும் என்றால் சம்மதமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர் இரண்டு மாடி இறங்கி கிளினிக்குக்கு எப்படி வருவார்? அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 4

காசிமேட்டு அய்யா இன்று பிடிமானம் இல்லாமல் நின்றார்!

எழுந்திருப்பது காலின் பலத்தால் மட்டும் நடப்பதில்லை. கட்டில் நுனிக்கு நகர்ந்து வந்து, பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால் விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய வேண்டும். அப்போதுதான் இடுப்பு தானாகக் கிளம்பும். அவருக்கோ முன்னால் சாயவே பயம், விழுந்துவிடுவோமோ என்று. மகனை எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் தோளைத் தொடச் சொல்லிச் சொல்லியே பழக்கினோம். இன்று மகன் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். இவர் எழுந்தார். இடது முட்டி நடுங்கியது, மடங்கவில்லை. “யம்மா, நைனா நிக்கிறாரு!” என்று மகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஜூன் 15

படகு நள்ளிரவே கிளம்பிவிட்டது. வீட்டில் அந்த அம்மா மட்டும். “இன்னிக்கு கக்கூஸுக்கு அவரே போனாரு, நான் பின்னாலயே போனேன்” என்றார். அதைக் கேட்கத்தான் இத்தனை வாரமும் அந்த மாடி ஏறினேன்.

கை எப்போது வரும் என்று அய்யா கேட்டார். கால் அளவுக்குச் சீக்கிரம் வராது, விரல்கள் முழுசாக வராமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, மீன் எறக்கறப்போ போய்ப் பாக்கணும், அதுக்கு வழி பண்ணு” என்றார்.

அதற்குப் படி இறங்க வேண்டும். நாளையிலிருந்து அதுதான் பயிற்சி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அந்தக் கட்டடத்தில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. இறங்கும்போது அது அவருடைய இடது பக்கம் வரும். மாடியைப் பார்த்தபடி திரும்பி, வலது கையால் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கச் சொல்லித்தர வேண்டும். மேல்படிப்பு விண்ணப்பத்தில் நரம்பியல் பிசியோதெரபி என்று இன்றிரவே நிரப்பிவிட்டேன்.