நாத்திகம் எண்ட சொல்லில நான் விட்ட புள்ளி

ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) இந்து நாகரிகப் பாடம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இத எழுதுறன், ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான், ஏனெண்டா அதாலதான் நான் இரண்டாம் தவணைப் பரீட்சையில கவிண்டனான்.

நாத்திக தரிசனங்களை, அதாவது நாத்திகம் எண்டு பிரிக்கிற இந்தியத் தத்துவ மரபுகளை, விளக்கச் சொல்லிக் கேள்வி. சார்வாகம், பௌத்தம், சமணம் மூண்டையும் எழுதிப்போட்டு, பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சு சாங்கியத்தையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதினன். சாங்கியம் புருஷன் (உயிர்), பிரகிருதி (மூலப்பொருள்) எண்டு 25 தத்துவத்தோட நிக்குது, ஈஸ்வரன் தேவை எண்டு சொல்லேல்ல, அப்ப கடவுள் இல்லாதது நாத்திகம்தானே? சேர் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கால சிவப்புப் பேனையால ஒரு கோடு இழுத்து, கீழ "வேதம்?" எண்டு மட்டும் எழுதியிருந்தார். 100ஆம் நம்பர் பஸ்ஸில வெள்ளவத்தை வரும்வரைக்கும் அதையே பாத்துக்கொண்டு வந்தன்.

விசயம் இதுதான். அஸ்தி எண்டா உண்டு, நாஸ்தி எண்டா இல்ல. ஆனா எது இல்ல எண்டதுதான் பிரச்சினை. தரிசனப் பாடத்தில அளவுகோல் கடவுள் இல்ல, வேதம். மனு தர்மசாஸ்திரமே நாஸ்திகன் எண்டா வேதத்தை நிந்திக்கிறவன் எண்டுதான் சொல்லுது. அதால சாங்கியமும், படைச்ச கடவுள் ஒருத்தர் வேணும் எண்டு நிக்காத மீமாம்சையும் வேதத்தை ஏற்கிறதால ஆத்திகம், கர்மம் மறுபிறப்பு ரெண்டையும் ஏற்றாலும் வேதத்தை ஏற்காத பௌத்தமும் சமணமும் நாத்திகம். பத்திரிகையில, தமிழ்நாட்டு அரசியலில வாற நாத்திகம் வேற, அது கடவுள் மறுப்பு. ரெண்டையும் குழப்பினீங்களெண்டா என்ர கதிதான்.

இதுக்குமேல சைவ சித்தாந்தம் படிக்கேக்க இன்னொரு கணக்கு வரும். சமயங்களைச் சித்தாந்தத்துக்கு எவ்வளவு தூரம் எண்டு பாத்து, ஆகத் தூரத்தில இருந்து கிட்ட வரைக்கும் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எண்டு நாலு வட்டம், ஒவ்வொண்டிலயும் ஆறு சமயம். புறப்புறத்தில உலகாயதம் (சார்வாகம்தான்), பௌத்தத்தில நாலு பிரிவு, ஆருகதம் (சமணம்). சாங்கியம் இஞ்ச புறச்சமயம்! ஆத்திகமா இருந்தும் வெளியில நிக்குது, ஏனெண்டா இப்ப நடுவில இருக்கிறது சித்தாந்தம். நான் நோட்டில நாலு வட்டமும் கீறி நடுவில "ஆர்ர கணக்கு?" எண்டு எழுதி வைச்சிருந்தன், மனப்பாடம் செய்யிறத விட அதுதான் உதவினது.

கிறிஸ்தவ நாகரிகம் எடுத்த கொச்சிக்கடைச் சிநேகிதி ஒருத்தியோட கதைக்கேக்க இன்னும் தெளிவாச்சு. திருச்சபையின்ர போதனைக்கு மாறான கொள்கையை அவையள் தப்பறைக் கொள்கை எண்டும், அதைப் பிடிக்கிறவையைப் பதிதர் எண்டும் சொல்லுவினம். 325இல நைசியா சங்கம் (ஆயர்மாரின்ர கூட்டம்) தள்ளின ஆரியுஸ் கடவுளை மறுத்த ஆளில்ல, மகன் பிதாவுக்குச் சமன் இல்ல எண்டு சொன்னவர், திருச்சபைக்குள்ள இருந்த குருவானவர். அப்ப தப்பறையை நாத்திகம் எண்டு மொழிபெயர்த்தா சரியான பிழை. எங்கட பாடத்தில அதுக்குக் கிட்ட வாறது, உள்ளுக்குக் கிட்டவா இருந்தும் வெளியில வைக்கிற அகப்புறம்தான் எண்டு நான் சொன்னன், அவள் முழுசா ஒத்துக்கொள்ளேல்ல, எனக்கும் இப்ப அரைகுறைச் சம்மதம்தான்.

எழுதேக்க முதல் வசனத்திலயே "வேதப் பிரமாணத்தை ஏற்காமையின்" எண்டு போட்டிடுங்கோ, பிறகுதான் பேருகள்.

வெள்ளிக்கிழமை விளக்கேத்தாட்டி அம்மம்மா என்னை நாத்திகன் எண்டுதான் ஏசுவா. பரீட்சை முடிஞ்ச கையோட இதெல்லாத்தையும் அவவுக்கு விளங்கப்படுத்தினன். கேட்டுப்போட்டு, "அப்ப நீ புறப்புறம், போய் விளக்கை ஏத்து" எண்டா.