சாட் பெட்டியில் வந்த பதில் காதுக்கும் வந்து சேர வேண்டும்

வங்கி, காப்பீடு, பேருந்து முன்பதிவு என்று எந்தத் தளத்துக்குப் போனாலும் வாடிக்கையாளர் சேவை இப்போது வலது கீழ் மூலையில் உள்ள சாட் பொத்தானுக்குள் போய்விட்டது. காது கேளாதவர்களுக்கும் பேசுவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இது உண்மையிலேயே நல்ல மாற்றம். தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட நிறுவனங்களிடம் அவர்கள் இனி எழுத்தில் நேரடியாகப் பேசலாம். பார்வையற்றவனாகிய எனக்கும் அந்த வசதி வேண்டும். ஆனால் பெரும்பாலான சாட் பெட்டிகள் திரையைப் பார்ப்பவரை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன.

அண்மையில் ஒரு வங்கியின் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டேப் விசையை அழுத்திக்கொண்டே பக்கத்தின் கடைசிவரை சென்றபோது, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் ‘பட்டன்’ என்று மட்டும் சொன்னது. அது எதற்கான பொத்தான் என்று சொல்லவில்லை. எண்டரை அழுத்தினேன். பெட்டி திறந்திருக்கிறது, ஆனால் விசைப்பலகையின் கவனம், அதாவது அழுத்தும் விசைகள் செயல்படும் இடம், பழைய இடத்திலேயே நின்றது. தட்டுத் தடுமாறி எழுதும் கட்டத்தைக் கண்டுபிடித்து, கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒவ்வொரு வரியாக மேலே ஏறிப் பார்த்தால், பதில் எப்போதோ வந்திருந்தது. அதன் கீழே, நான் பேசாமல் இருந்ததால் உரையாடல் முடிக்கப்பட்டதாக ஒரு வரியும் இருந்தது.

இதன் காரணம் மிகச் சிறியது. ஸ்கிரீன் ரீடர் திரை முழுவதையும் கண்காணித்துக்கொண்டிருப்பதில்லை. கவனம் இருக்கும் இடத்தைத்தான் வாசிக்கும். வேறோர் இடத்தில் புதிதாக ஏதேனும் வந்தால், ‘இந்தப் பகுதி மாறக்கூடியது, மாறினால் அறிவி’ என்று பக்கத்தின் நிரலே சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான், பக்கத்தின் பகுதிகளை ஸ்கிரீன் ரீடர் போன்ற கருவிகளுக்குப் புரியவைக்கும் அரியா தரத்தில், ‘லாக்’ என்ற ரோல் (ஒரு பகுதி எந்த வகை என்று சொல்லும் குறி) இருக்கிறது. செய்திகள் சேரும் பகுதிக்கு அதைக் கொடுத்துவிட்டால், வாசித்துக்கொண்டிருப்பதை இடைமறிக்காமல், புதிய செய்தி மட்டும் தன் முறை வந்ததும் ஒலிக்கும். இதை அவசர அறிவிப்பாக வைத்துவிட்டால் நான் தட்டச்சு செய்யும்போதே குரல் குறுக்கே பாயும். ஒவ்வொரு செய்திக்கும் பட்டியல் முழுவதையும் புதிதாக வரைந்தால், பழைய உரையாடல் முதலிலிருந்து மீண்டும் வாசிக்கப்படக்கூடும். ‘தட்டச்சு செய்கிறார்’ என்ற குறிப்பை ஒருமுறை சொன்னால் போதும். புள்ளிகள் அசையும்போதெல்லாம் சொன்னால் பைத்தியம் பிடித்துவிடும். கவனத்தை நகர்த்தாமலேயே நிலைச் செய்திகள் பயனருக்குத் தெரிய வேண்டும் என்பதை இணையத் தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்காக 2018-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 வழிகாட்டுதலே கேட்கிறது.

பொத்தானுக்குப் பெயர் வைப்பது, திறந்ததும் கவனத்தை எழுதும் கட்டத்துக்குக் கொண்டுபோவது, எஸ்கேப் விசையால் மூட வழிசெய்வது ஆகியவை எல்லாம் ஒரு நிரலாளரின் ஒரு நாள் வேலைக்குள் அடங்கும்.

நேரக் கட்டுப்பாடுதான் பலரைக் கைவிடுகிறது. கைநடுக்கம் உள்ளவரும், ஒரே ஒரு சுவிட்சைக் கொண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பவரும் ஒரு வாக்கியத்தை முடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். நேரத்தை நீட்டிக்கும் வழியைத் தருவதானால், முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுத்து, அவ்வாறு 10 முறையாவது நீட்டிக்க விட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.

தமிழில் பதில் தரும் பெட்டிகளுக்கு இன்னொரு கடமை உண்டு. அந்தச் செய்தியின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் அதை வாசிக்க முயன்று, பல நேரங்களில் எழுத்துகளை அப்படியே விட்டுவிடும். தமிழ்க் குரலைக் கணினியில் நிறுவி வைத்திருந்தும் பயனில்லை.

பெட்டியின் மறுபக்கம் இருக்கும் ஊழியரையும் சொல்லியாக வேண்டும். சைகை மொழியே முதல் மொழியாக உள்ள ஒருவருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. அவரிடம் சுருக்கமான, தெளிவான வாக்கியங்களில் பேச வேண்டும். ‘எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்’ என்று முடித்துவைப்பது, அவரைப் பொறுத்தவரை உதவி மறுக்கப்பட்டதற்குச் சமம்.

2025 ஏப்ரல் 30 அன்று, ஆசிட் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்குகள், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி நடைமுறையைப் பற்றியவை. ஆனால் அந்தக் காரணம் சாட் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

பல நிறுவனங்கள் இந்தப் பெட்டியைத் தாமே கட்டுவதில்லை, வெளியிலிருந்து வாங்குகின்றன. ஆகவே வாங்கும் நேரத்திலேயே கேளுங்கள். டிஜிட்டல் அணுகல் வசதிக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்க வருபவர், மவுஸைத் தொடாமல், திரையை அணைத்துவிட்டு, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு புகாரைப் பதிவுசெய்து பதிலையும் பெற்றுக் காட்டட்டும். பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.