குடிக்காதவனுக்கும் ஃபேட்டி லிவர்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை. 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று போட்டிருந்தது; கல்லீரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம். சாராய வாடையே ஆகாதவனுக்கு இதென்ன கூத்து என்றேன். டாக்டர் பதில் சொல்லாமல் வயிற்றைச் சுற்றி டேப் பிடித்தார்: 102 செ.மீ. ஆண்களுக்கு 90-க்குள் இருக்கணுமாம். மூணு வேளையும் அரிசி, சாயங்காலம் அல்வாவும் மிக்சரும். மிஞ்சுகிற மாவுச்சத்தையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக்கிச் சேர்த்து வைத்துவிடும், குடி எதற்கு?

ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 88, கூடுதல். ஈரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. வெறும் வயிற்றில் வரச்சொல்லி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்துத் தட்டுவார்கள். விரலால் சுண்டிவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 6.2 வந்தது. 8-க்குக் கீழே என்பதால் ஈரலில் பெரிய தழும்பு இருக்காது, சரிபண்ணிவிடலாம் என்றார்.

மருந்துச் சீட்டு வரும் என்று பார்த்தால், 86 கிலோவில் ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார். அதுவும் மெதுவாக. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் ஈரலுக்கே கெடுதலாம்.

வெளியே சமாளித்துவிடலாம், வீட்டில்தான் பாடு. "ஏய்யா, வயித்துக்கு வஞ்சகம் பண்ணாத" என்று அம்மா அடுத்த அகப்பையோடு நிற்பாள். கூட்டு, பொரியல், மீன் முதலில். சோறு கடைசியில் ஒரு கரண்டி என்று மாற்றினேன். வயிறு பாதி நிறைந்தபிறகு சோறு தானாகவே குறைகிறது. உளுந்தம்பருப்புச் சோற்றை மட்டும் விடவில்லை. பருப்பைக் கூட்டி, அரிசியைக் குறைத்து, எள்ளுத் துவையலோடு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கருப்பட்டிக் காப்பிதானே என்று தப்பிக்கப் பார்த்தேன். கருப்பட்டியும் சீனிக் கணக்குதானாம். காப்பி ஈரலுக்கு நல்லதுதான், இனிப்பில்லாமல் குடிக்கணும். காலையில் வ.உ.சி. மைதானத்தில் வேர்க்க வேர்க்க நடை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி கீழாநெல்லியும் சீந்தில் பொடியும் கொண்டுவந்தார். டாக்டரிடம் கேட்டேன். சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கி வந்தவர்கள் உண்டு, எதையும் என்னிடம் கேட்காமல் தொடாதீங்க என்றார். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது எடை 79, எஸ்ஜிபிடி 39, ஸ்கேனில் கிரேடு 1. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டாச்சு, மூணாவது பாக்கி. சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரலாம்; அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளையும் ஸ்கேனுக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பொங்கல் கழியட்டும் என்கிறாள்.