முப்பத்தெட்டும் எண்பத்தெட்டும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் பழைய கோவையைத் தேடி எடுத்தேன். பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்து கடல் கடந்து வந்த என் தேர்ச்சி அறிக்கைகள் அதற்குள் இருக்கின்றன. ‘முயற்சி போதாது’ என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே வசனம்தான், ஆகவே வருத்தமில்லை.

தமிழ் ரீச்சர் மட்டும் ஆளைப் பார்த்து எழுதுவார். ‘கெட்டிக்காரன், கதை கூட’ என்பது எனக்குக் கிடைத்தது. ஆற்றங்கரையை நான் ‘ஆற்றங்கறை’ என்று எழுதியபோது, ‘ஆற்றில் என்ன கறை?’ என்று கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார். இன்றைக்கும் ற எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.

ஏழாம் வகுப்பு இரண்டாம் தவணை அறிக்கைதான் கோவையில் அதிகம் கசங்கியது. கணக்கில் 38. வீட்டுக்குப் போகும் வழியில் மூன்றை எட்டாக்கினேன். நீலப் பேனா, இரண்டே வளைவு. அப்பா வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைத்தார். தப்பினேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கணக்கு சேர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். எங்கள் வகுப்பாசிரியரும் அவர்தான். அடி நிச்சயம் என்று உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

“தம்பி, திருத்திறதெண்டா ஒழுங்காத் திருத்தவேணும். மொத்தம் 477 எண்டே கிடக்கு. 50 புள்ளி கூடினா மொத்தம் எவ்வளவு?”

“527, சேர்.”

“ஒன்பது பாடம். சராசரி?”

53 இருந்த இடத்தில் 58.55 வரும் என்று மனக்கணக்கில் சொன்னேன்.

“பாரும், கணக்கு வருகுதே உமக்கு. பிறகேன் பேனாவால செய்யிறீர்?”

88ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 38 எழுதி, தன் முதலெழுத்துகளை இட்டார். அவ்வளவுதான். அதிபரிடம் போகவில்லை, வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி, அந்தத் தவணை முழுக்க அவர் பாடத்தில் முன்வாங்கில் இருந்தேன்.

மூன்றாம் தவணையில் கணக்குக்கு 64. பேனா படாத 64. அறிக்கையை அப்பாவிடம் நீட்டினேன். நாள் முழுக்கக் கணக்கேடு எழுதிப் பிழைத்த மனிதர். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒன்பது பாடத்தையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கூட்டினார். மொத்தம் சரிவந்தது. அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.